அண்ணி பிடித்த குற்றவாளி

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார் என்றால் அண்ணி யோசிக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அவர் போட்ட ஒரே சட்டம் அதுதான். திரையில் மழை பெய்துகொண்டே இருக்கும், துப்பறிகிறவன் தொப்பியோடு அசையாமல் நிற்பான், அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு விடை தெரிந்திருந்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருமுறை பொறுக்க முடியாமல் திரையில் இருந்த அலமாரியைக் காட்டப் போனேன். “சொல்லாத பாப்பா. எல்லாத்தையும் யாராச்சும் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. இத மட்டும் நானே பாத்துக்கறேன்” என்றார். அன்றைக்கு வாயை மூடியவள்தான் நான்.

எங்கள் ஊரான விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையில் அண்ணன் பொம்மையும் பியூஸ் கட்டையும் செய்கிற சிறிய கம்பெனி நடத்தினார். பில் போடுவதற்கென்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தபோது, அதோடு ஒரு துப்பறியும் கேம் சிடியும் வந்து சேர்ந்தது. நான் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணி பெண்ணாடத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. கணக்கில் பட்டம் வாங்கியவர். ஆனால் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதிலிருந்து பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது என்பது வரைக்கும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் வீட்டில் ஆள் இருந்தது. அம்மா சொல்வார், அண்ணன் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் கொஞ்ச நேரம்தான் அவர் தன் புத்தியைத் தனக்கென்று வைத்துக்கொண்ட நேரம்.

கேமின் கதை இதுதான். ஒரு பணக்காரர் வீட்டுப் பீங்கான் பொம்மை திருடுபோய், அதன் இடத்தில் போலி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. போலியைச் செய்தது பொம்மைக் கடைக்காரரா, குடும்ப வக்கீலா? கடைக்காரரின் பட்டறையில் ஒரு அச்சு கிடைக்கிறது. போலிப் பொம்மையை அதற்குள் வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. வேறு ஊர்க்காரர்கள் என்றால் அங்கேயே கேஸை முடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அச்சில் ஊற்றிய களிமண் காய்ந்தால் சுருங்கும், சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். வெந்த பொம்மையைத் திரும்ப அதே அச்சில் வைத்தால் தொளதொளவென்று ஆடும். கச்சிதமாகப் பொருந்துகிறது என்றால் அது அந்த அச்சில் பிறந்ததே இல்லை. வெந்து முடிந்த பொம்மையின்மேல் அச்சு எடுத்து, பழி விழட்டும் என்று யாரோ கடைக்காரர் பட்டறையில் போட்டிருக்கிறார்கள். அண்ணி பல சாயங்காலங்கள் யோசித்து வந்து சேர்ந்த முடிவு இது. நானும் ஒத்துக்கொண்டேன். வக்கீல்தான் குற்றவாளி என்று அழுத்தினார்.

தப்பாகிவிட்டது. ஒன்றுமறியாத வக்கீல் ஜெயிலுக்குப் போனார், கடைக்காரர் சிரித்துக்கொண்டே கப்பலில் ஏறித் தப்பினார். அண்ணி கொஞ்ச நேரம் திரையை முறைத்துவிட்டு, “பொம்மையே செய்யத் தெரியாதவன் கேஸு எழுதிருக்கான்” என்றார். சாப்பிடும்போது அண்ணனிடமும் நியாயம் கேட்டார். அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு கையில் எடுத்த சோற்றை அப்படியே நிறுத்தி, “ஆமா, பொருந்தாதுல்ல” என்றார். அண்ணி சொன்ன ஒன்றை அவர் ஒத்துக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அம்மாவோ, அந்த வக்கீலுக்குக் குழந்தை குட்டி இருக்கிறதா என்று விசாரித்தார். அண்ணி தோற்றுப்போயிருந்தார். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பல வருஷம் கழித்து, இப்போது அதே கேமைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். சென்னையில் என் அறையில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். தடயம் இருக்கும் இடமெல்லாம் மஞ்சளாக மின்னுகிறது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும், துப்பறிகிறவன் தானாகவே அந்த மேசையைப் பார்க்கலாமே என்று ஆரம்பித்துவிடுகிறான். ஆடியவர்கள் எழுதியிருக்கும் கருத்துகளோ பெரும்பாலும் பாராட்டு. எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லையாம், வேலை முடிந்து வந்து ஒரே மூச்சில் முடித்துவிட்டார்களாம். பழைய கேம்களில் அபத்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு சாவிக்காகத் திரையை அங்குலம் அங்குலமாக அழுத்திக் கை வலித்தவள் நான். உதவி வேண்டும் என்கிறவர்கள் தாராளமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கேட்காதவர் காதில் எதற்கு ஓத வேண்டும்? அந்தத் துப்பறிகிறவன் வாயை அடைக்க ஒரு பொத்தான்கூட வைக்கவில்லையே! யோசிக்க விடாத ஒன்றுக்குப் புதிர் என்று பெயர் வைத்து விற்க இவர்களுக்கு எவ்வளவு துணிச்சல். இதையெல்லாம் நானும் அங்கே எழுதினேன். ஒருவர் உடனே பதில் போட்டார். நம் வீட்டுப் பெண்களும் ஆட வேண்டாமா, அவர்களுக்காகத்தானே சுலபமாக்கியிருக்கிறார்கள் என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டுவிட்டு இதைச் செய்தார்களாம்?

பொங்கல் லீவில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். வேப்பூரில் பஸ் மாறும்போதும் அந்தப் பதில்தான் மனதில் குடைந்துகொண்டிருந்தது. அண்ணிக்கு முன்நெற்றி முடி நரைத்துவிட்டது. பழைய கேம் என்றதும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆசையாக உட்கார்ந்தார். முதல் அறையிலேயே கையை மடியில் வைத்தார். உடனே திரையில் துப்பறிகிறவன் பேச ஆரம்பித்தான். இவன் எதற்கு நடுவில் பேசுகிறான், நிறுத்து என்றார் என்னிடம். நிறுத்த முடியாது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அச்சு கிடைத்தது, பொம்மை பொருந்தியது. அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வக்கீல் பெயரை அழுத்தினார். பெயர் மங்கலாகவே கிடந்தது, அழுத்தலை ஏற்கவில்லை. மறுபடி அழுத்தினார். அச்சில் பொம்மை பொருந்தியதை மறந்துவிட வேண்டாம் என்று அவன் அறிவுரை சொன்னான். கடைக்காரர் பெயர் மட்டும் பளிச் பளிச்சென்று மின்னியது.

“அவன் கணக்குல தப்புனு எனக்குத் தெரியும் பாப்பா. தப்பாவே சொல்லிக்கறேன், வுடச் சொல்லு” என்றார்.

பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், “அதான் மின்னுதுல்ல, அத அமுக்கு” என்றார். அண்ணி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மின்னிய பெயரையே அமுக்கினார்.

திரை முழுக்கப் பூவாகக் கொட்டியது. மிகச் சிறந்த துப்பறிவாளர் நீங்கள்தான் என்று கொட்டை எழுத்தில் பாராட்டு வந்தது. அண்ணி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “யாரச் சொல்றான்?” என்று கேட்டார்.