பேரைக் கேட்காமல் ஊசி போடாதவள்

வசந்தா போய்விட்டாள் என்று அவளுடைய தம்பி போனில் சொன்னபோது, நான் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து புடவை மாற்றிக்கொண்டு மறுபடியும் அவளிடம் போவதற்குத்தான் அந்தப் பஸ். "மெதுவா வாங்கக்கா, இனிமே அவசரம் இல்ல" என்றான். அதைக் கேட்டதும் அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அவசரப்படாதே, அவசரப்படாதே என்று அவளும் இத்தனை வருஷம் என் உயிரை எடுத்தாள்.

எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவளைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வசந்தா நகரிக்காரி. அப்பாவுக்குத் தறி வேலை. திருப்பதியில் தெருவுக்குத் தெரு தனியார் ஆஸ்பத்திரிகள் முளைத்த தொண்ணூறுகளில், நாங்கள் இருவரும் ஒன்றாக ஆண்கள் வார்டில் நர்ஸாகச் சேர்ந்தோம்; ஒரே அறையில் குடியிருந்தோம். நர்ஸுகளில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போக நாள் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்காது. அவளுக்கு எல்லாவற்றிலும் நிதானம். அந்த நிதானமும் பிறவியில் வந்ததில்லை, ஒரே காலையில் வந்தது.

அந்த வார்டில் எப்போதும் பாதிப் பேர் மொட்டைத் தலை. மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்துதான் ஆபரேஷனுக்குப் படுப்பார்கள். பேரும் அநேகமாகச் சாமி பேர்தான். அன்று ஸ்ரீனிவாசுலு என்பவருக்கு இன்சுலின் போட வேண்டும். வசந்தா ஊசியோடு போய் "ஸ்ரீனிவாசுலு?" என்றாள். ஜன்னலோரப் படுக்கையில் இருந்த பெரியவர் தலையாட்டினார். சட்டைக் கையைச் சுருட்டியும் கொடுத்தார். பஞ்சால் துடைத்துக்கொண்டே, சும்மா பேச்சுக்கு, "பேரு ஊரெல்லாம் என்ன நைனா?" என்று கேட்டாள்.

"வெங்கடேசுலும்மா. காணிப்பாக்கம் பக்கம்."

"அப்போ ஸ்ரீனிவாசுலுன்னு கூப்ட்டா ஏன் நைனா தலையாட்டினே?"

"ரெண்டும் சாமி பேரு தானேம்மா? சாமி பேரு சொல்லிக் கூப்ட்டா இல்லேன்னு எப்பிடி சொல்றது?"

நான் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். வசந்தா சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்காக அந்த மனிதர் ராத்திரியிலிருந்து பட்டினி. சர்க்கரை வியாதியும் கிடையாது. வெறும் வயிற்றில் அந்த மருந்து இறங்கியிருந்தால் அவர் எழுந்திருக்காமலே போயிருக்கலாம். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவள் இதைச் சொன்ன பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

அன்றிலிருந்து நோயாளியின் பேரை அவள் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "உங்க பேரு சொல்லுங்க" என்பாள். ஒரு வாரமாகப் படுத்திருப்பவரிடமும் கேட்பாள். "தினம் பாக்கிற மூஞ்சிதானே, தெரியாதாம்மா?" என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. "தெரியும். ஆனாலும் நீங்களே சொல்லுங்க" என்று நிற்பாள். வீட்டுக்குப் போகிறவர்களிடமும் இதே பிடிவாதம். எந்த மாத்திரை எப்போது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்கமாட்டாள். கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். "இப்போ நீங்க எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்பாள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களிடம் "மலைக்குப் போறீங்களா?" என்பதையும் கேட்காமல் விடமாட்டாள். "ஊசி போட்டுக்கினு, ஒண்ணும் துன்னாம க்யூல நின்னா சாமியைப் பாக்கறதுக்குள்ள மயக்கம் போட்டுடுவீங்க. பட்டினியோட போவணும்னா முதல்ல டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லி, அதையும் அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள்.

இதற்கெல்லாம் நேரம் பிடித்தது. ஆஸ்பத்திரி பெரிதாகி, ஒரு நர்ஸுக்கு இரண்டு வார்டு என்று ஆனது. மேனேஜர் ஒருநாள் எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தினார். "பேரு கேட்டுக்கினே இருந்தா ரவுண்டு எப்பம்மா முடியும்? இனிமே கட்டில்ல தொங்குற சீட்டைப் பார்த்துப் போட்டுக்கினு போ. சரியா?"

"இல்ல சார்" என்றாள். அந்த மாதத்தோடு அவள் வேலை போயிற்று. தம்பி அப்போது காலேஜில் இருந்தான். அவள் சம்பளத்தில்தான் படித்துக்கொண்டிருந்தான்.

அறைக்கு வந்து அவளைப் பிடித்துக் கத்தினேன். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உன் இஷ்டத்துக்குச் செஞ்சிருந்தா என்னாடி?"

"சும்மா சரின்னு தலையாட்றதாலதானேடி சரளா இத்தினி வம்பும்" என்றாள். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு, காளஹஸ்தியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் குறைந்த சம்பளத்துக்குப் போனாள்.

நான் வளைகுடாவுக்குப் பறந்தேன். அங்கே போனதும் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தது என்ன தெரியுமா? நோயாளியின் பேரை நீ சொல்லாதே, அவரையே சொல்லச் சொல், அப்புறம்தான் மருந்து. எனக்குத் தலை சுற்றியது. காசு போனால் போகிறதென்று அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "போடி, இதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போனே?" என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நான் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய பிறகு, கடைசியில் புற்றுநோய் அவளைத் திருப்பதிக்கே, அதுவும் நோயாளியாகக் கொண்டுவந்து போட்டது. போன வாரம் வலியில் சுருண்டு கிடந்தாள். வலிக்கான ஊசியோடு சின்ன வயசு நர்ஸ் பெண் ஒருத்தி ஓடிவந்து, "வசந்தாம்மாதானே?" என்றாள். வசந்தா வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஆமான்னு சொல்லித் தொலையேன்டி!" என்று கத்தினேன். அவள் தலைகூட அசையவில்லை. அந்தப் பெண் குழம்பிப்போய், "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.

"வசந்தா. அப்பா பேரு குப்புசாமி. நகரி." மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். ஊசி போட்ட பிறகு, "பக்கத்து பெட்டுலயும் இப்பிடியே கேளு கண்ணு" என்றாள்.

அவளுடைய நிதானம் எனக்கும் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். பொய்யாகிவிடும். அவள் போன அன்றும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்குள் ஓடத்தான் செய்தேன். அவளிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்றே ஒன்று: சும்மா தலையாட்ட என்னால் இனி முடியாது. உடலை ஒப்படைக்க வந்த ஊழியர் முகத்துணியை விலக்கிவிட்டு, "வசந்தாம்மாதானே?" என்றார். தம்பி தலையாட்டினான். அந்த ஆளும் துணியை மூடப்போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பேரு என்னன்னு கேளுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வசந்தா. அப்பா பேரு குப்புசாமி. நகரி" என்றேன், அவளுக்குப் பதிலாக.