வாரிசு கிடையாத வீடு

நாலு நாளைக்கு முன்னால், காலையில் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "தேவசகாயம் அண்ணன் போய்ட்டாரும்மா." கையிலிருந்த குண்டானைச் சுவரில் ஓங்கி அடித்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது. அவரை அடித்துக் கொன்றவனுக்கு நாங்கள் எத்தனையோ முறை டீ போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதுதான் வயிற்றெரிச்சல்.

அண்ணனை அறிந்தவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்வது? ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் உழைத்து ஓய்ந்து, வாடகைக்கு வழியில்லாமல் நின்ற எங்களைக் கூட்டி இந்த வரிசை வீட்டைக் கட்ட வைத்தவர் அவர். சமையல், கூட்டிப் பெருக்குவது, ஆஸ்பத்திரிக்குத் துணை போவது எல்லாவற்றையும் முறை வைத்து நாங்களே பார்க்கிறோம். அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். "இங்க வாரிசுன்ற பேச்சே கெடையாது. உசுரோட இருக்கற வரைக்கும் ரூம் உன்து. அப்புறம் எடமில்லாம நிக்கிறவனுக்கு."

அவர் சாந்தமானவர் என்று யாராவது இரங்கல் பேசினால் நம்பாதீர்கள். அப்பாவைக் கொண்டுவந்து விட்ட ஒருவன், "பின்னால ரூம் என் பேருக்கு வருமா?" என்று கேட்டான். ஈரத்தோலை அள்ளி அள்ளி உரமேறிய கையால் விட்டார் ஓர் அறை. அவன் உதடு கிழிந்தது. அப்பாவுக்கு மட்டும் அன்றே ரூம் கிடைத்தது.

எங்களோடு இருக்கும் கண்ணம்மாவைப் பார்க்க அடிக்கடி வந்துபோன அவள் மகன் சேகருக்கும் அதே ஆசைதான். ஒருநாள், ரூமை எழுதிக் கொடு என்று பெற்றவளின் முடியைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தான். அவள் நெற்றி குழாய் மேடையில் மோதிப் பிளந்தது. அண்ணன் விறகுக்கட்டையோடு பாய்ந்தார். "பெத்தவள அடிப்பியாடா?" என்று அவன் தோளில் ஒன்று போட்டார். அவன் அங்கே கிடந்த கடப்பாரையை எடுத்து அண்ணன் தலையில் இறக்கினான். நாங்கள் கிழவிகள் எல்லோரும் அவன்மேல் விழுந்தோம். நான் அவன் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தும் விடவில்லை. போலீஸ் வந்துதான் பிரித்தது.

அன்றைக்கே கண்ணம்மாவின் பெட்டியைத் தூக்கித் தெருவில் வீசினேன். யாரும் தடுக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் அதை அண்ணனிடமும் சொன்னேன். தலையில் போட்ட கட்டெல்லாம் ரத்தம், ஆனாலும் கண்ணில் கோபம் குறையவில்லை.

"இன்னாம்மா நியாயம் இது? அம்மா ரூம் புள்ளைக்குப் போவாதுன்னா, புள்ள பண்ண பாவம் மட்டும் அம்மாவுக்கு எப்டிப் போவும்? பெட்டிய எடுத்து உள்ள வை."

என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

பெட்டியை எடுத்து வைத்தேன். மனம் ஆறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். சேகர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கோபமும் அந்தச் சட்டமும்தான். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து கண்ணம்மா கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்தாள். இன்று சமையல் முறை என்னுடையது. கதவை உதைத்துத் திறந்து, தட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"எழுந்து சாப்டுடி. நாளைக்கு சமையல் உன் முறை."