இரண்டு முனையும் ஒரே கை

குடிநீர் வாரியத்தில் மீட்டர் பழுது பார்ப்பவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் 'ஆகட்டும் சார்'. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். சொன்னதைச் செய்தும் விடுவாள் என்பதால் யாரும் அவளை வாய்ச்சொல் வீராங்கனை என்று கிண்டல் செய்ததில்லை.

முப்பத்தொரு பம்பு நிலையங்களில் முப்பத்தொரு பழைய பெட்டிகள் இருந்தன. தொட்டியின் நீர்மட்டத்தைச் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக்கி, எண் போட்டு, கம்பி வழியே அனுப்புவது அவற்றின் வேலை. பெட்டிகள் கல்லுக்குண்டாகத்தான் இருந்தன. அவற்றோடு பேசும் தலைமையகக் கணினிதான் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. விற்ற கம்பெனியோ இருந்த இடம் தெரியவில்லை.

"எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிடலாம். புதுசு வர்ற வரைக்கும் ஆளுங்க தொட்டி மேல ஏறிப் பாக்கட்டும்," என்றார் தலைமைப் பொறியாளர்.

"வேணாம் சார். யார் வேணும்னாலும் திறந்து திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் இருக்கு. பெட்டி பேசற பாஷையை அதுல நானே எழுதிடறேன்."

"மூணு மாசம் தர்றேன். முடியலைன்னா கழட்டிடுவேன்."

"ஆகட்டும் சார்."

பெட்டியின் விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதினாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு கணினிகள்: ஒன்று தலைமையகம், மற்றது பம்பு நிலையம். இரண்டிலும் அவள் எழுதியதே ஓடியது. பத்தாயிரம் பாக்கெட்டில் ஒன்றுகூடத் தவறவில்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில் நிஜப் பெட்டியோடு இணைத்தாள். அது பூஜ்யம் எண்ணிட்ட பாக்கெட்டை அனுப்பியது. இவள் கணினி பதில் சொன்னது. பெட்டி மறுபடி அதே பூஜ்யத்தை அனுப்பியது. மறுபடியும். கம்பியைத் திட்டினாள், பெட்டியைத் திட்டினாள். அதற்குமேல் திட்ட ஆள் கிடைக்காமல் வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் நாத்தனார் இருந்தார். கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிறவர். எவருக்கும் சலுகை காட்டாதவர். மேசையில் சமர்த்தாகப் பேசிக்கொண்டிருந்த கணினிகளைப் பார்த்தார்.

"ரெண்டும் நீ எழுதினதா?"

"ஆமா அண்ணி."

"கேள்வியும் நீ, பதிலும் நீ. அப்புறம் எப்படி சண்டை வரும்? அந்தப் புஸ்தகத்தைக் கொடு, நான் பெட்டியா இருக்கேன். நீ எதுவும் சொல்லித் தராதே."

துண்டுச்சீட்டுகளில் எண் எழுதி, புத்தகத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்தார். பூஜ்யம் எழுதிய சீட்டைத் தள்ளினார். இவள் பதிலுக்கு "பூஜ்யம்" என்றாள். நாத்தனார் இன்னொரு பூஜ்யத்தைத் தள்ளினார்.

"அதான் வந்திடுச்சுன்னு சொன்னேனே அண்ணி!"

"எங்கே சொன்னே? பதில்ல போடற நம்பர், அடுத்து எது வேணுங்கறது. இதோ, போட்டிருக்கு. பூஜ்யம்னா பூஜ்யத்தை அனுப்புன்னுதான் அர்த்தம். எங்க போர்டுலயும் அடுத்த ஆளோட நம்பர்தான் எரியும், பாத்துட்டுப் போன ஆளோடது இல்லை."

வந்து சேர்ந்த எண்ணைச் சொல்வதாக அவள் நினைத்திருந்தாள். ஒரே தப்பை இரு முனையிலும் எழுதியதால், தப்பும் தப்பும் கைகுலுக்கிக்கொண்டன. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, திருத்த வேண்டிய இடத்தைத் திருத்தினாள்.

கெடு நாளன்று பொறியாளர் பின்னால் நின்றார். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று ஏழு வரை போய், விதிப்படி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்தது. திரையில் நீர்மட்டம் ஏறியது. அவர் கையோடு கொண்டுவந்திருந்த கழற்றும் உத்தரவை நான்காகக் கிழித்தார்.

அன்று மாலையே அவள் அந்த நிரலை ஓப்பன் சோர்ஸ்காரர்களின் பொதுத் தளத்தில் போட்டாள். பிழையைக் கண்டவர் பெயரைக் குறிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நாத்தனாரின் முழுப்பெயரை எழுதிக் காட்டினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என் பேரு சரி. பிழை உன்னோடதுன்னு எழுதினியா?"

"மேல பாருங்க அண்ணி. முதல் வரியே அதுதான்."