ஒரு சாண் தள்ளி மாட்டிய மாலை

கிள்ளானில் பள்ளி பஸ் ஓட்டும் கன்னையாவுக்கு ஒரு மனக்குறை. தன் வீட்டிலேயே எடுத்த ஆவணப்படத்தில் தான் இல்லை. மனைவி இராஜம்மாவின் வடைக் கடையைப் பற்றித்தான் படம், சரி. ஆனால் தினமும் விடியுமுன் எழுந்து உளுந்து அரைப்பவர் யார்? புதுச் சட்டை போட்டு கிரைண்டர் பக்கத்தில் நின்றவரை, படமெடுக்க வந்த ரிஷி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க அங்கிள், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிச் சொல்லியே வாசல் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்விட்டான். கடைசியில் கேமராவுக்குக் குடை பிடிக்கும் வேலைதான் மிஞ்சியது. அதையும் மனுஷர் ஜம்பமாகவே பிடித்தார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் படத்தைத் திரையிட்டார்கள். இராஜம்மா திரையில் தனியாக மாவு பிசைந்தாள், தனியாக வடை சுட்டாள், சோகமாகப் புல்லாங்குழல் ஒலித்தது. பிறகு கேமரா மெல்லச் சுவரில் ஏறி, கன்னையாவின் போட்டோவில் போய் நின்றது. போட்டோவுக்குச் சந்தன மாலை. கீழே வழக்கமான சாமி விளக்கு.

அந்த மாலையை அவருக்கு நன்றாகத் தெரியும். திருவிழாவுக்குப் பக்தர்களைக் காசு வாங்காமல் ஏற்றிப் போனதற்காகக் கோயில் நிர்வாகம் போட்டது. பெருமைக்காகப் போட்டோவுக்குப் பக்கத்து ஆணியில் அவரேதான் தொங்கவிட்டிருந்தார். அவர் பஸ் ஓட்டப் போன நேரத்தில் யாரோ அதை ஒரு சாண் நகர்த்தி, ஆளையே முடித்துவிட்டார்கள். மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. வெட்கக்கேடு, கன்னையாவும் அழுதுவிட்டார்.

படம் முடிந்ததும் மலர்விழி என்றொரு டீச்சர் எழுந்து, கணவர் போன பிறகு எப்படித் தாங்கிக்கொண்டீர்கள் என்று இராஜம்மாவைக் கேட்டாள். ஓரமாக நின்ற ரிஷி, ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான். இராஜம்மா மைக்கைப் பிடித்தபடி யோசித்தாள். கன்னையா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இவளும் தலையாட்டிவிட்டால் நாளைக்கு எந்த மூஞ்சியோடு பஸ்ஸை எடுப்பது?

"அவரு எங்கயும் போகல. மூணாவது வரிசையில உக்காந்து கண்ணத் தொடச்சிக்கிட்டு இருக்காரு பாருங்க. எனக்கு உளுந்து அரைச்சுக் குடுக்கறதே அவருதான் லா."

மண்டபம் சிரித்து ஓய வெகுநேரமானது. வெளியே ரிஷி வழிமறித்தான். தான் பொய் சொல்லவில்லையாம். மாலையும் அங்கிளுடையது, போட்டோவும் அங்கிளுடையது, அவர் இறந்துவிட்டார் என்று படத்தில் யாருமே சொல்லவில்லை, ஒரு சாண் நகர்த்தியது மட்டும்தானாம்.

"அந்த ஒரு சாண்ல என் தாலிய அறுத்துட்டியே தம்பி," என்றாள் இராஜம்மா.

ரிஷிக்கு முகம் செத்துவிட்டது. அந்தக் காட்சியை வெட்டிவிடுவதாகச் சொன்னான்.

திரும்பும் வழியில் வழக்கம்போல ஜாம். காரை ஓட்டிக்கொண்டே கன்னையா கேட்டேவிட்டார், நான் செத்த இடத்தில் நீயும் அழுதாயா என்று.

"அழுதேன். நல்லாத்தான் எடுத்திருக்கான்."

அவருக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். குறுக்கே புகுந்த மோட்டார் சைக்கிளுக்குக்கூட ஹாரன் அடிக்கவில்லை.

"அப்ப அந்தத் தம்பிக்கு போன் போட்டு, அத வெட்ட வேணாம்னு சொல்லிடவா?"

இராஜம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். உளுந்து ஊறப் போட வேண்டும், சீக்கிரம் ஓட்டுங்கள் என்றாள்.