கோமு சொன்ன "நட"

என் மகள் பெயர் கோமதி. வீட்டில் கோமு. வயது பதினான்கு. பிறக்கும்போதே மூளையில் அடி பட்டுவிட்டது என்றார்கள். நடை கிடையாது. பேச்சும் கிடையாது. ஆனால் நாம் பேசுவது அத்தனையும் அவளுக்குப் புரியும். போன மாசி மாதம் டாக்டர் அவள் இடுப்பைப் பார்த்துவிட்டு, "தொடை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இறுகிட்டு வருது. இப்படியே போனா நாற்காலியில உக்கார வைக்க முடியாது, படுக்கைதான்" என்றார். அன்றைக்கு என் நிம்மதி போயிற்று.

நான் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன். ஒரே நேரத்தில் நாலு தறியைப் பார்க்க வேண்டும். இங்கே நூல் அறுந்தால் ஓடு, அங்கே நின்றால் ஓடு. அதனாலோ என்னவோ, எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதுகூட பாதியில் எழுந்துவிடுவேன். டாக்டர் சொன்னதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். விடிந்ததும் கோமுவைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிச் சுவரோடு நிறுத்துவேன். காலைப் பிரித்துப் பிரித்து வைத்து, "நட, கோமு. நட. நட" என்பேன். அவள் அழுவாள். நான் விடமாட்டேன். பிள்ளை நன்மைக்குத்தானே என்று நினைத்தேன். மடையன்.

வேலைக்குப் போகும் வழியில் கோமதி அம்மன் சந்நிதி. தினமும் ஒரே வேண்டுதல்: "தாயே, உன் பேரை வைத்திருக்கிறேன், அவளை நடக்க வை." புற்றுமண்ணைக் குழைத்து அவள் முழங்காலில் பூசுவேன். ஆடித்தபசுத் திருவிழா வந்தால் கடையில் தகட்டில் செய்த கால் உரு வாங்கி, நேர்த்தியாக உண்டியலில் போடுவேன். எத்தனை வருஷமோ, உண்டியலில் கால் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் என் மனைவி வள்ளி பொறுக்க முடியாமல் சொன்னாள். "பிள்ளையப் பாடாப் படுத்தாதிய. நீங்க கையத் தொட்டாலே அது வெறைக்குது. வேற ஆள் தூக்கினா வெறைக்கல. பாத்திருக்கியளா?"

பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். நான் கிட்டே போனதும் கோமுவின் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டன. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னால் தாங்க முடியவில்லை. நேரே கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால், மனக்கலக்கம் உள்ளவர்கள் உட்காருகிற சக்கரக் குழியில் உட்கார்ந்து அழுதேன். "எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ பார்த்துக்கொள்" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே கோமு போகும் சிறப்புப் பள்ளியிலிருந்து பிசியோ டீச்சர் கூப்பிட்டார். சிவகிரிக்கு மேற்கே ஒரு தோப்பில் குதிரை வைத்திருக்கிறார்களாம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வேனில் கூட்டிப்போய் அதன்மேல் உட்கார வைத்து மெல்ல நடத்துவார்களாம். குதிரையின் சூடும் அசைவும் இறுகிய தசையை இளக்குமாம். நிற்க முடியாத பிள்ளையைக் குதிரையில் ஏற்றுவதா என்று எனக்குப் பதறியது. வள்ளிதான் சரி என்றாள்.

பங்குனி வெயிலில் போய் இறங்கினோம். குதிரை பெயர் ராணி. முன்னே கல்யாண ஊர்வலத்துக்குப் போன குதிரை, நல்ல சாது. அதைப் பழக்கிய மாடசாமி அண்ணாச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் டீச்சர், ஒரு பக்கம் வள்ளி. சேணம் இல்லாமல் மெத்தை மட்டும் கட்டி, கோமுவை மேலே வைத்தார்கள். அவள் கால் விரியவே இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வேலி ஓரத்தில் நின்றவன், வாய்ப் பழக்கத்தில் கத்திவிட்டேன்.

"கோமு, காலை விரி. நட. நட."

குதிரை நடந்துவிட்டது.

அந்தச் சொல்லுக்குத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோமு அப்படியே பின்னால் சாய்ந்தாள். டீச்சர் இடுப்பைப் பிடித்திராவிட்டால் தலை கீழே மோதியிருக்கும். மாடசாமி அண்ணாச்சி ராணியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"நீங்க பதறினா இதும் பதறும் அண்ணாச்சி. அந்த வேப்பமரத்துக்குப் போங்க. வாயத் தொறக்காதிய."

போனேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் நான் சும்மா நின்றது அன்றைக்குத்தான். ஓடலாம் என்று கால் துடிக்கிறது, கத்தலாம் என்று நாக்கு துடிக்கிறது. "தாயே, அவளை நடக்க வை" என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். "தாயே, அவள் விழாமல் இருந்தால் போதும்" என்றேன். பிறகு அம்மன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராணி மெல்ல ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் கோமுவின் வலது கால் குதிரையின் வயிற்றோரம் தளர்ந்து தொங்கியது. பிறகு இடது கால். யாரும் இழுக்கவில்லை. முதுகு நிமிர்ந்தது. அண்ணாச்சி குதிரையை நிறுத்தினார். "போதுமா மக்கா? இன்னொரு சுத்து வேணும்னா நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் போகும்" என்றார்.

கோமு வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

"ந... ட."

ராணி நடந்தது.

வள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். பதினான்கு வருஷத்தில் என் மகள் பேசிய முதல் சொல் அது. நான் அவளை அழவைத்த சொல். அதையே அம்மன் அவள் நாக்கில் வைத்தாள்.

மாதம் இரண்டு தடவை அந்த வேனில் போகிறோம். கோமு இன்னும் நடக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நாற்காலியில் நேராக உட்காருகிறாள். இப்போதைக்குப் படுக்கை பயம் இல்லை என்று டாக்டரே சொன்னார். நான் சுவரோடு நிறுத்துவதை விட்டுவிட்டேன். தூக்குவதற்கு முன்னால் "தூக்கட்டுமா தாயி?" என்று கேட்கிறேன். இப்போது நான் தொட்டால் அவள் விறைப்பதில்லை.

இந்த ஆடித்தபசுக்கு உருக் கடைக்காரர் வழக்கம்போல, "காலுதான அண்ணாச்சி?" என்று எடுத்து நீட்டினார். "இல்ல, வாய் இருக்கா?" என்றேன். ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தேடிக் கொடுத்தார்.

என்னைப்போலப் பதறிக்கொண்டு வேண்டுகிறவர்கள் இருந்தால், உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அம்மனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு ஓரமாக நில்லுங்கள். எப்படித் தருவது என்று அவளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நானும் நின்றுதான் பெற்றேன்.

அந்த வாய் உருவை உண்டியலில் போட்டுவிட்டு சந்நிதி முன்னால் அசையாமல் நின்றிருந்தேன். பின்னால் வரிசை நெருக்கியது. சக்கர நாற்காலியிலிருந்து கோமு என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நட."

நடந்தேன்.