அந்தோணிசாமி காதைத் திருப்புவார்

மலர்க்கொடிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று குறிஞ்சிப்பாடியில் அவள் வீட்டார் சொல்வதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியும் உண்மைதான். அதை அவளே ஒத்துக்கொள்ள நாற்பது நாள் ஆனது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், நான்கு பேர் மட்டுமே வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவள் இன்ஜினியர். பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டும் ஹெட்போன் செய்கிறார்கள். காதை அடைக்காது. போகவேண்டிய திசையிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும்; அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். தலையை எப்படித் திருப்பினாலும் சத்தம் மட்டும் அதே இடத்தில் நிற்க வேண்டும். தலை திரும்பிய பிறகு கணக்குப் போட்டால் சத்தம் பின்தங்கி இழுபடும். அதனால் தலை அடுத்து எங்கே இருக்கும் என்பதைக் கருவி முன்கூட்டியே ஊகித்துவிட வேண்டும். அந்த ஊகம்தான் மலர்க்கொடியின் பொறுப்பு. இருநூறு பேரின் தலையசைவைப் பதிவு செய்து அதை உருவாக்கியிருந்தாள்.

சோதித்துப் பார்க்கக் கிடைத்தவர் அந்தோணிசாமி. சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. பதினெட்டு வருஷமாக பஸ் ஸ்டாண்டிலிருந்து அலுவலகம் வரை மனைவி ஜெயராணிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். அவளுக்கு ஜூன் மாதத்திலிருந்து திட்டக்குடிக்கு மாற்றல் என்று உத்தரவு வந்துவிட்டது. அதற்குள் அவர் தனியாக நடந்தாக வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

முதல் நாளே தகராறு. “சத்தம் வழுக்குது மேடம். தலைய அசைச்சா எங்கியோ ஓடிடுது,” என்றார்.

“நீங்க பாதியில நிறுத்திடுறீங்க சார். திரும்புனா மூஞ்சி முழுசா திரும்பணும். எரநூறு பேருக்குச் சரியா இருக்கு, உங்களுக்கு மட்டும் எப்படி வராம போவும்?”

அந்தோணிசாமி சொன்ன பேச்சு கேட்கிறவர். வீட்டில் தினமும் கழுத்தை முழுசாகத் திருப்பிப் பழகினார். ஜெயராணி தைலம் தேய்த்துவிட்டாள். ஒரு மாதத்தில் கருவியின் ஊகம் பிசகாமல் பலித்தது. மலர்க்கொடிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் சிதம்பரம் கீழ வீதியில் மூவரும் நடந்து பார்த்தார்கள். ‘டிக் டிக்’ வந்த திசைக்கு முகத்தை நேராகக் கொடுத்து ஒழுங்காக நடந்தவர், சந்திலிருந்து திரும்பிய ஆட்டோவைக் கவனிக்கவே இல்லை. ஜெயராணி சட்டையைப் பிடித்து இழுத்ததில் உயிர் தப்பியது. கைத்தடி மட்டும் சக்கரத்தில் சிக்கி முறிந்தது.

“தூரத்துல வர்றப்பவே ஆட்டோன்னு சொல்லிடுவீங்களே, என்னாச்சுங்க?” பிடித்த சட்டையை விடாமலே ஜெயராணி கேட்டாள்.

“அந்தப் பக்கம் காத கொடுத்தாதானே தெரியும்? மேடம் மூஞ்சிய நேரா வைக்கச் சொன்னாங்க, வெச்சேன்.”

அவர் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அதுதான் மலர்க்கொடிக்குச் சுருக்கென்று தைத்தது. கண் தெரிந்தவர்கள் திரும்பத் தொடங்கினால் முகம் போய்ச் சேரும்வரை திரும்புவார்கள். அந்தோணிசாமி காதைத்தான் திருப்புவார்; காது சத்தத்துக்கு வாகாக வந்ததும் நிறுத்திக்கொள்வார். தலையசைவைப் பதிவு செய்ய அவள் கூட்டிவந்த இருநூறு பேரில் பார்வையில்லாதவர் ஒருவர்கூட இல்லை. செய்வதோ அவர்களுக்கான கருவி! கருவியைத் திருத்தத் துப்பில்லாமல் மனிதரைத் திருத்தியிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டாள். அவரையும், அவர் சொன்ன இன்னும் ஐந்து பார்வையற்றவர்களையும் இஷ்டம்போல் நடக்கவிட்டுப் பதிவு செய்து, ஊகத்தை முதலிலிருந்து போட்டாள். சத்தம் வழுக்குவது நின்றது. ஒரு வாரம் ஜெயராணி பின்னாலேயே நடந்து பார்த்துவிட்டு, அரைமனதோடு திட்டக்குடிக்குப் பஸ் ஏறினாள்.

ஜூன் முதல் திங்கட்கிழமை. பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தோணிசாமி புறப்பட்டார். இருபதடி தள்ளி மலர்க்கொடியும் போனாள்.

அவர் நின்றார். “பின்னாடி வராதீங்கம்மா. செருப்புச் சத்தம் கேக்குது.”

அவள் நின்றுவிட்டாள். பத்து நிமிஷ நடைதான். இருபது நிமிஷம் கழித்து அலுவலகத்துக்குப் போன் செய்தால், இன்னும் வரவில்லை என்றார்கள். உடனே அவருக்குப் போட்டாள்.

“சார், எங்க இருக்கீங்க?”

“டீக்கடையிலம்மா. பதினெட்டு வருஷமா தினம் இதத் தாண்டித்தான் போறோம், வாசன ஆள இழுக்கும். ஜெயராணிக்கு நேரமாயிடுமேன்னு ஒருநாளும் வாய் தொறந்து கேட்டதில்ல. குடிச்சிட்டுப் போறேன்.”