நித்தியானந்தன் பேசிய பக்கம்

ஜேர்மனியின் ரைன் நதிக்கரை நகரமொன்றின் ட்ராம்களில் ரிக்கெற் பரிசோதிக்கும் நித்தியானந்தன் எதையும் எவரையும் நம்புவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய சந்தேகத்தில் ஒரு நேர்மை உண்டு. அது ஆள் பார்ப்பதில்லை. மெஷின் பழுது, அதனால்தான் ரிக்கெற் எடுக்கவில்லை என்று ஒருவன் சொன்னால் மற்றப் பரிசோதகர்கள் சிரித்துக்கொண்டே அபராதம் எழுதுவார்கள். இவர் அடுத்த தரிப்பிடத்தில் அவனோடு இறங்கித் திரும்பிப் போய், தன் சொந்தச் சில்லறையை அந்த மெஷினுக்குள் போட்டுப் பார்ப்பார். மெஷின் காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றால் பயணியிடம் மன்னிப்புக் கேட்பார். அப்போதும் மனம் ஆறாது.

"அவனுக்கு அது பழுதெண்டு முதலே தெரிஞ்சிருக்கு" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லுவார்.

"உங்களுக்கு உப்புச் சரியெண்டு நான் சொன்னாலும் நக்கிப் பாத்துத்தானே சோறு போடுறியள்" என்பார் கமலநாயகி.

இளமையில் யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளில் பிறருடைய சந்தேகத்துக்கு ஆளாகி நின்றவர் அவர். அப்படிப்பட்டவர் சந்தேகத்தை வெறுப்பார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவரோ அதைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த நாட்டில் பெரிய குற்ற வழக்குகளில் படித்த நீதிபதிகளோடு இரண்டு சாதாரணக் குடிமக்களும் அமர்வார்கள். சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவர்களுடைய வாக்கு, படித்தவர்களின் வாக்குக்குச் சமம். நித்தியானந்தன் விண்ணப்பித்தார், தெரிவானார். மக்கள் நீதிபதி என்பதுதான் சரியான பெயர். ஊரிலுள்ள தமிழ்ச்சனம் அந்த முதற்சொல்லைத் தேவையில்லாத பாரம் என்று இறக்கி வைத்துவிட்டது. கடையிலும் கோயிலிலும் அவர் நீதிபதி ஆனார். அவர் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகிக்கும் மனிதர் புகழை மட்டும் சோதிக்காமல் வாங்கிக்கொண்டார்.

பொங்கலுக்குத் தமிழ் மன்றத்தில் பட்டிமன்றம். "திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவருக்கு ஆயுள் தண்டனை கட்டாயமாக்கப்பட வேண்டுமா?" என்பது தலைப்பு. வேண்டாம் என்ற பக்கத்துக்குத்தான் நித்தியானந்தன் பெயர் கொடுத்திருந்தார். இரண்டு கிழமையாகக் குறிப்பும் எடுத்திருந்தார். அன்று காலை, வேண்டும் என்று பேச இருந்தவருக்குக் காய்ச்சல். நடுவராக இருந்த சுகன்யாதேவி, நித்தியானந்தனைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"நித்தி, நீர் அந்தப் பக்கத்துக்கு மாறும்."

"அக்கா, நான் வேண்டாம் எண்டெல்லோ ஆயத்தப்படுத்தினனான்."

"அப்ப மற்றப் பக்கம் என்ன சொல்லும் எண்டு உமக்கு வடிவாத் தெரியும்தானே. நீதிபதிக்கு எந்தப் பக்கமும் வரும். போம், வடை ஆறுது."

மாறினார். மாறியது மட்டுமல்ல, வெளுத்து வாங்கினார். "முதல் தரம் பசியில களவெடுத்தான், விடுங்கோ. ரெண்டாந்தரம் பழக்கத்தில எடுத்தான், விடுங்கோ. மூண்டாந்தரம் எடுத்தவன் எங்களை மடையர் எண்டு நினைச்சு எடுத்தவன்! அவன்ர பேரப்பிள்ளையள் அவனைச் சிறைக் கண்ணாடிக்கு இஞ்சால நிண்டுதான் பாக்க வேணும்!" மண்டபம் கை தட்டியது. தங்க நகையைத் திருடர்களுக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் பல அங்கே இருந்தன. அவர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். அன்றிரவே மன்றம் அதை யூடியூப்பில் ஏற்றியது. தலைப்பு: "நீதிபதி நித்தியானந்தனின் அனல் பறக்கும் பேச்சு."

இலையுதிர் காலத்தில் ஹார்ட்முட் என்பவரின் வழக்கில் நித்தியானந்தன் அமர்ந்தார். பெற்றோல் நிலையங்களில் கத்தியைக் காட்டிப் பணம் பறித்தவர். ஏற்கெனவே இரண்டு முறை உள்ளே இருந்து வந்தவர். ஜேர்மன் சட்டத்தில் மூன்றாம் முறைக்குக் கட்டாய ஆயுள் என்று எதுவும் இல்லை. அதற்காக யாரும் உடனே நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். சிலரை, தண்டனை முடிந்த பிறகும் ஆபத்தானவர் என்று சொல்லி, முடிவுத் திகதி இல்லாமல் அடைத்து வைக்கலாம். அதற்குப் பெயர் தண்டனை அல்லவாம், பாதுகாப்புக் காவலாம். ஹார்ட்முட்டுக்கு அதைத்தான் அரச தரப்பு கேட்டது. மூன்று நீதிபதிகள், இரண்டு குடிமக்கள். ஐந்து பேரில் நால்வர் சம்மதித்தால் அவர் கதை முடிந்தது.

அவருக்காக வாதாடியவர் ஜசிந்தா. இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண்; சிறுவயதில் அதே மன்றத்தின் மேடையில் திருக்குறள் மறந்து அழுதவர்.

வழக்கின் மூன்றாம் நாள், ஹார்ட்முட் வெளியே வந்தால் மறுபடியும் செய்வார் என்று மனநல நிபுணர் சாட்சி சொன்னார். அமைதியான குரல், அழகான வரைபடங்கள். நித்தியானந்தன் கையை உயர்த்தினார். மக்கள் நீதிபதிகளும் கேள்வி கேட்கலாம், பெரும்பாலும் கேட்பதில்லை.

"ஆபத்தானவர் என்று நீங்கள் சொன்ன ஆட்கள் எல்லோரும் உள்ளேதானே இருக்கிறார்கள்?"

"பெரும்பாலும், ஆம்."

"அப்படியென்றால் நீங்கள் சொன்னது பிழை என்று எப்போதாவது உங்களுக்குத் தெரிய வருமா?"

நிபுணர் தண்ணீர் குடித்தார். ஜசிந்தா குனிந்து எதையோ எழுதினார்; அவர் சிரித்ததாகப் பார்வையாளர்கள் சொன்னார்கள்.

நிலைமை இப்படி இருக்கையில்தான் சிறையில் ஒரு தமிழர் ஹார்ட்முட்டிடம் அந்த வீடியோவைப் பற்றிச் சொன்னார். உன்னுடைய நீதிபதி எங்கள் ஆட்களிடையே பெரிய பேச்சாளர், மூன்றாம் முறைக்காரனைச் சாகும்வரை வைக்கச் சொன்னவர் என்று பெருமையோடுதான் சொல்லியிருக்கிறார். ஹார்ட்முட் ஜசிந்தாவை அழைத்து, அந்த ஆளை நீக்கும்படி கேட்டார்.

அது வெறும் மேடை விளையாட்டு, பக்கத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள் என்று ஜசிந்தா விளக்கினார். அந்த மனிதர் நிபுணரிடம் கேட்ட கேள்வி உங்களுக்குச் சாதகமானது என்றும் சொன்னார்.

"அப்படித்தான் கேட்பார்கள்" என்றார் ஹார்ட்முட். "முதலில் நம்மை நம்ப வைப்பார்கள்."

கட்சிக்காரர் விடாப்பிடியாக நின்றார். ஜசிந்தா மனுக் கொடுத்தார், மொழிபெயர்ப்போடு. தமிழில் அனல் பறந்த அந்த வாக்கியங்கள் ஜேர்மனில் ஒரு கொலைத் திட்டம் போல இருந்தன.

அந்த வழக்கின் தலைமை நீதிபதியாக இருந்த பெண்மணி நித்தியானந்தனிடம் விளக்கம் கேட்டார். அந்த உரையாடலை நித்தியானந்தனே பிறகு எல்லோருக்கும் சொன்னார்.

"அந்தப் பக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள்."

"நீங்கள் நம்பாததை, அத்தனை பேருக்கு முன்னால், அத்தனை ஆவேசமாகச் சொன்னீர்களா?"

"ஆம். அதுதான் பட்டிமன்றம்."

"இப்போது சொல்வதை நீங்கள் நம்புகிறீர்கள் என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது?"

இந்த இடத்தில் தனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப் போனதாக நித்தியானந்தன் சொன்னார். வழக்கமாக இப்படிக் கேட்கிறவர் இவரல்லவா! மேலும், ஒரு நீதிபதியிடம் பக்கச்சார்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லையாம். சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால் போதுமாம். வாழ்நாள் முழுவதும் அதற்கும் குறைவான காரணத்தோடு சந்தேகப்பட்டவரால் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அந்த வழக்கிலிருந்து அவரை நீக்கினார்கள்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க உங்களுக்கு ஏலாது" என்றார் கமலநாயகி. "அதுவும் மற்ற ஆளின்ர பக்கத்தை வாங்கிப் பேசி."

அவருடைய கதிரையில், இதற்கென்றே முதல் நாளிலிருந்து பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு மேலதிக மக்கள் நீதிபதி அமர்ந்தார். ஓய்வுபெற்ற தபால் ஊழியர். எல்லோரையும் பார்த்துப் புன்னகைக்கும் நல்ல பெண்மணி. நிபுணர் சாட்சி சொன்ன அன்றும் தலையாட்டிக்கொண்டே இருந்தவர். நித்தியானந்தன் கேட்ட கேள்வியை நிபுணரிடம் வேறு யாரும் மறுபடி கேட்கவில்லை.

தீர்ப்பன்று நித்தியானந்தன் விடுப்பு எடுத்துக்கொண்டு பார்வையாளர் வரிசையில் போய் இருந்தார். பதினொரு ஆண்டுச் சிறை. அதன் பிறகு பாதுகாப்புக் காவல். யார் எப்படி வாக்களித்தார் என்பது வெளியே வராது. ஹார்ட்முட் அசையாமல் கேட்டார். பிறகு திரும்பி, பின்வரிசையில் நித்தியானந்தனைக் கண்டு, ஜசிந்தாவின் காதுக்குள் ஏதோ சொன்னார்.

நடைபாதையில் ஜசிந்தா வந்தார்.

"கோபமே அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. உம்மட வேலையை நீர் செய்தனீர்."

"நீங்கள் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பியள்?"

"வேண்டாமெண்டுதான்." கோட்டை எடுத்து மாட்டினார். "எண்டு நினைக்கிறன். அந்த வீடியோவைத் திருப்பிப் பாத்தனான். சனம் கை தட்டேக்க என்ர முகத்தைப் பாத்தா, பொய் சொல்லுற ஆள் மாதிரித் தெரியேல்லை."

ஜசிந்தா கோப்புகளைக் கைப்பைக்குள் வைத்தார்.

"அந்த மனுசன் உம்மட காதுக்குள்ள என்னவோ சொன்னார். என்ன கேட்டவர்?"

"விடுங்கோ அங்கிள்."

"சொல்லும்."

"இந்த ஆள் இஞ்ச ஏன் வந்திருக்கிறார், இன்னும் என்ன வேணுமாம் எண்டு கேட்டவர்."

நித்தியானந்தன் தன் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"நானும் அதைத்தான் கேட்டிருப்பன்" என்றார்.